கரையில் வைத்த அளவு

பூனாகலை,
12 ஜூன் 2024

தம்பி புவனேந்திரனுக்கு,

நலமா என்று கேட்டு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மச்சான் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சீசன் நேரத்தில் இந்த மனுஷனுக்கு யார் லீவு கொடுத்தது என்று யோசித்துக்கொண்டே தேத்தண்ணி வைத்தேன். மதுஷா அவர் கழுத்தைப் பிடித்துத் தொங்கினாள். அவர் சிரிக்கவில்லை. பிள்ளை விளையாடப் போன பிறகுதான் வாயைத் திறந்தார். "என்னயத் திருடன்னு சொல்லி அனுப்பிட்டாங்க விஜி." அதற்கு மேல் கேட்டால் சுவரைப் பார்க்கிறார்.

துருவித் துருவிக் கேட்டதில் தெரிந்தது இதுதான். மஹ்ரூப் முதலாளியின் படகுத் தாங்கியில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று போனில் காட்டுகிற கருவி ஒன்றை நீ பொருத்தினாயாம். அது வந்த நாளிலிருந்து, ஊற்றிய டீசல் ஊற்றிய அளவுக்கு இல்லையாம். எஞ்சின் பார்க்கிற இவர் கையில் தாங்கிச் சாவி இருப்பதால் திருடனும் இவர்தானாம். திருகோணமலைக் கரையில், திமிங்கிலம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் முன்னாலும் கூட வேலை செய்கிறவர்கள் முன்னாலும், சாவியைப் பிடுங்கினார்களாம்.

நீ அங்கே இருந்தாயா புவன்? இருந்தாய் என்கிறார். "உன் தம்பியும் நின்னுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ என்ன பேசினாய் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். அதை உன் வாயால் எனக்குச் சொல்.

போன் எடுக்காதே. உன் நம்பரை அடைத்துவிட்டேன். லயத்து வரிசை வீட்டில் இந்தக் காம்பராச் சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது உனக்குத் தெரியும். நான் போனில் கத்தினால் லயம் முழுக்கக் கேட்கும். டீசல் என்ற வார்த்தை இங்கே யார் காதிலும் விழக்கூடாது. காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் உனக்கு மட்டும்தான் கேட்கும்.

விஜயலெட்சுமி


திருகோணமலை,
19 ஜூன் 2024

அக்கா,

கடிதம் வந்தது. நீ கத்தியது கேட்டது.

முதலில் ஒன்று. மூன்று வருடத்துக்கு முன்னால் மச்சானை இங்கே கூட்டிக்கொண்டு வந்து மஹ்ரூப் நானாவிடம் சேர்த்துவிட்டது நான். அதை நீ ஒரு வரியிலாவது எழுதியிருக்கலாம். அவர் பெயர் கெட்டால் என் பெயரும் சேர்ந்துதான் கெடும். அதில் எனக்கு என்ன சந்தோஷம்?

நீ கருவி கருவி என்று எழுதியிருக்கிறாய், ஏதோ நான் சூனியம் வைத்த மாதிரி. அது என்னவென்று சொல்கிறேன், தெரிந்துகொண்டு கோபப்படு. தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. டீசல் ஏறினால் அது ஏறும், இறங்கினால் இறங்கும். மிதவையின் வயரை அடாப்டர் என்கிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். பெட்டி அதைக் கணக்காக்கி, ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் திரைக்கும் முதலாளியின் போனுக்கும் அனுப்பும். ஆனால் பெட்டிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. மிதவை இந்த உயரத்தில் நின்றால் கால் தாங்கி, இந்த உயரத்தில் நின்றால் அரைத் தாங்கி என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? வெறும் தாங்கிக்கு ஒன்று, நிறைந்த தாங்கிக்கு ஒன்று, இரண்டே இரண்டு அளவை வைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. அப்போது சீசன் தொடங்கவில்லை. பெயின்ட் அடிப்பதற்காகப் படகைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மத்தியான வெயிலில், பெயின்ட் நாற்றத்தில், அதற்குள் குந்தியிருந்து கேன் கேனாக டீசலை ஊற்றி, ஒவ்வொரு கேனுக்கும் நிறுத்தி நிறுத்தி அளவு வைத்தேன். ஸ்குரூட்ரைவரைக் கீழே வைத்தால் உருண்டு எஞ்சின் பக்கம் ஓடும். ஓடாமல் தொடைக்குக் கீழே அடக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். முதுகு பிடித்து இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. இந்தக் கரையில் இவ்வளவு ஒழுங்காக அளவு வைத்தவன் வேறு யாரும் இல்லை.

மச்சான் பழைய மரக்குச்சியைத் தாங்கிக்குள் விட்டு அளந்து பார்த்துவிட்டு, "குச்சியில சரியா இருக்கே மொதலாளி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குச்சியில் கோடு வெட்டியதே அவர்தான். முதலாளி எப்படி நம்புவார்?

நான் என்ன சொன்னேன் என்று கேட்டாய். மஹ்ரூப் நானா எல்லார் முன்னாலும் என்னிடம் திரும்பி, "புவன், மெசின்ல பிழையா?" என்று கேட்டார். "இல்ல நானா, நான் வச்ச அளவு பிழைக்காது" என்றேன். அவ்வளவுதான். மச்சான் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை.

அவர் எடுத்திருந்தாலும் யாருக்குத் தெரியும்? மச்சானிடம் அமைதியாகக் கேட்டுப் பார். ஏதாவது கஷ்டம் இருந்திருக்கலாம்.

புவன்


பூனாகலை,
27 ஜூன் 2024

புவனேந்திரா,

"ஏதாவது கஷ்டம் இருந்திருக்கலாம்." இந்த வரியை எழுதிய கையை நான் பக்கத்தில் இருந்தால் உடைத்திருப்பேன்.

நீ எங்கே பிறந்தாய் என்று மறந்துவிட்டதா? கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்று தினம் தினம் சண்டை போட்ட ரெங்கம்மாவின் வயிற்றில் பிறந்தவன் நீ. சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு என்று அவள் கூடையில் இருந்து வெட்டி வெட்டித்தான் எழுதினார்கள். பிறகு டிஜிட்டல் தராசு வந்தது. "இனி ஏமாத்த முடியாதும்மா" என்று நீதான் குதித்தாய். அதிலும் கழிக்கிறார்கள். நேற்றும் கழித்தார்கள். நம் வீட்டில் பிறந்த பிள்ளை தராசை நம்பி மனிதனைச் சந்தேகப்படும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நல்லவேளை, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

யார் காதிலும் விழக்கூடாது என்று எழுதினேனே, விழுந்துவிட்டது. எப்படி என்று கேட்காதே. திருகோணமலையில் வேலை செய்கிற எவனோ ஒருவன் எவனுக்கோ போன் பண்ணியிருக்கிறான். பீலியில் நான் குடம் வைத்தால் பேச்சு நின்றுபோகிறது. தோட்டத்து லொறிக்கு டிரைவர் வேண்டும் என்று கேட்டு, இவரை வரச்சொல்லி ஆபீஸில் இருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். சட்டை மாற்றிக்கொண்டு போனார். போன கையோடு திரும்பி வந்தார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னான்: "டீசல் லொறியாச்சே லெட்சுமி, எப்படிச் சாவி குடுக்கிறது?" சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன். வேறு என்ன செய்ய?

மதுஷா பாடசாலையில் இருந்து வந்து, "அப்பா களவெடுத்தாங்களாம்மா?" என்று கேட்டாள். அவர் வீட்டுக்குள்தான் இருந்தார். கேட்டுக்கொண்டு இருந்தார்.

இப்போது வெலிமடையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றப் போகிறார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற கை, லீக்ஸ் கட்டுகளைத் தூக்குகிறது. அங்கே யாருக்கும் தெரியாது என்பதால் அங்கே போகிறார்.

கேன் கேனாக ஊற்றினாயாம், முதுகு பிடித்ததாம். கீழே வைத்த ஸ்குரூட்ரைவரைக்கூட உருளாமல் வைத்துக்கொள்ளத் தெரியாத நீ, என் புருஷனுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டாய்!

விஜயலெட்சுமி


திருகோணமலை,
8 ஜூலை 2024

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மச்சான் போனதிலிருந்து வேறு ஆள் கிடைக்காமல் படகு ஓடாமல் கட்டிக் கிடக்கிறது. அங்கே போய் அந்தப் பெட்டியின் அளவுகளை ஒரு தடவை பார்த்து வைத்தேன். சின்னச் சின்ன வேலை. இனிமேல் அங்கே பிரச்சினை எதுவும் வராது. மச்சானைக் கொஞ்ச நாள் பொறுத்திருக்கச் சொல். முதலாளியின் சூடு ஆறட்டும், நானே பேசித் திரும்பக் கூப்பிட வைக்கிறேன்.

வேலை அதிகம். வேறு மூன்று படகுக்காரர்களும் இதே கருவியைப் பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். மதுஷாவுக்கு ஒரு பெட்டி பிஸ்கட் பஸ்ஸில் அனுப்புகிறேன்.

புவன்


பூனாகலை,
22 ஜூலை 2024

புவனேந்திரா,

பிஸ்கட் வந்தது. திறக்கவில்லை.

நேற்று மாலை றிகாஸ் உன் மச்சானுக்குப் போன் எடுத்தான். அவரோடு அதே படகில் வேலை செய்கிறவன். சாவியைப் பிடுங்கிய அன்றைக்கு, "தினேஸ் அண்ணன் அப்படி ஆள் இல்ல" என்று அந்தக் கரையில் வாய் திறந்து சொன்னவன் அவன் ஒருவன்தான். என் கூடப் பிறந்தவன் சொல்லாததைச் சொன்ன பிள்ளை. அவன் என்ன சொன்னான் தெரியுமா? போனைச் சத்தமாகப் போட்டிருந்தார், நானும் கேட்டேன். "அண்ணே, கோவிக்காதீங்க. நீங்க போன பொறகு டீசல் ஒரு சொட்டும் குறையல்ல. ஊத்தினது ஊத்தின மாதிரியே காட்டுது. நான் உங்களப் பத்தி அப்பிடி நெனக்கல்ல. ஆனா இப்ப நான் என்னத்தச் சொல்ற?"

இவர் போனை வைத்தார். அடுப்பு அணைந்தது கூடத் தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அளவுகளை ஒரு தடவை பார்த்து வைத்தேன்" என்று எழுதினாயே, என்ன பார்த்து வைத்தாய்? எதைச் சரி பண்ணினாய்? எதுவும் பிழை இல்லை என்றால் எதற்காகக் கை வைத்தாய்? இவர் இருந்தவரைக்கும் குறைந்த டீசல், இவர் போனதும் குறையாமல் நிற்கிறது. உலகத்தில் எவன் கேட்டாலும் என்ன நினைப்பான்? நானே ஒரு நிமிஷம் நினைத்தேன் புவன். என் புருஷனைப் பார்த்து, ஒரு நிமிஷம், ஒருவேளை எடுத்திருப்பாரோ என்று நினைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்.

அந்த ஒரு நிமிஷத்துக்காக உன்னை நான் மன்னிக்க மாட்டேன். சுற்றி வளைக்காமல் உள்ளதை எழுது. இல்லாவிட்டால் மதுஷாவையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவேன். அந்தக் கரையில் வைத்து உன்னைக் கேட்பேன்.

விஜயலெட்சுமி


திருகோணமலை,
30 ஜூலை 2024

அக்கா,

வராதே. சொல்லிவிடுகிறேன்.

பிழை என்னுடையதுதான்.

நீ ஸ்குரூட்ரைவரைப் பற்றித் திட்டியதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது ஏன் உருண்டது? படகு கரையில் சரிவாகக் கிடந்தது. முன்பக்கம் மேலே மணலில், பின்பக்கம் கடலைப் பார்த்துக் கீழே. மிதவை தாங்கியின் பின்பக்க ஓரத்தில் இருக்கிறது. நான் ஊற்றிய டீசல் எல்லாம் பின்னால் வந்து குவிந்து மிதவையைத் தூக்கிவிட்டது. அந்த உயரத்தைப் பார்த்து, "இதுதான் அரைத் தாங்கி" என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். கடலில் படகு மட்டமாக மிதக்கும். அதே டீசல் பரவி நிற்கும், மிதவை அவ்வளவு உயரத்துக்கு வராது. பெட்டி குறைத்துக் காட்டும். ஒரு சொட்டும் எங்கும் போகவில்லை. மச்சானின் குச்சி சரி. நான் வைத்த ஒவ்வொரு அளவும் பிழை. மெனக்கெட்டு, கேன் கேனாகப் பிழை.

இதை வேறு எவனும் செய்திருக்க மாட்டான். கடற்கரையில் பிறந்தவன் என்றால் படகுக்குள் கால் வைத்ததுமே சரிவு தெரிந்திருக்கும். நாம் வளர்ந்த இடத்தில் எது மட்டமாக இருந்தது? காம்பராத் தரை தண்ணீர் ஓடுகிற கான் பக்கம் சாய்ந்திருக்கும். குழம்புச் சட்டிக்கு ஒரு பக்கம் பலகை முட்டுக் கொடுத்துத்தான் அம்மா சமைத்தாள். பந்து உருண்டால் பள்ளத்துக்கு ஓடிப்போய் எடுத்து வருவோம். ஏன் உருண்டது என்று யார் கேட்டோம்? ஸ்குரூட்ரைவர் உருண்டதும் நான் எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். எனக்கு அது அதிசயமாகத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள், படகு தண்ணீரில் கட்டியிருக்கும்போது யாருக்கும் சொல்லாமல் போய் அளவு முழுவதையும் மாற்றினேன். மாற்றிவிட்டால் சண்டை தன்னால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அது மச்சானைத்தான் இன்னும் மாட்டிவிடும் என்று சத்தியமாக யோசிக்கவில்லை.

இப்போது நான் என்ன செய்ய, சொல். எல்லாரையும் கூப்பிட்டு, "நான் வேலை தெரியாதவன்" என்று சொல்லவா? மூன்று படகு வேலை கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒருவனும் என்னை ஒரு பல்பு மாட்டக்கூடக் கூப்பிட மாட்டான். தோட்டத்தில் இருந்து வந்தவனுக்கு என்ன தெரியும் என்று சொன்ன வாய்களை எல்லாம் இந்த வேலையை வைத்துத்தான் அடைத்தேன். நீ பீலியில் தலை குனிவது ஒரு மாதம், இரண்டு மாதம். ஜனங்கள் மறந்துவிடுவார்கள். நான் இங்கே பிழைப்பையே மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். மச்சானுக்கு வேறு நல்ல படகு பார்த்துத் தருகிறேன். கொஞ்சம் நிதானமாக யோசி அக்கா.

புவன்


பூனாகலை,
6 ஓகஸ்ட் 2024

புவனேந்திரா,

நிதானமாக யோசித்தேன்.

"ஜனங்கள் மறந்துவிடுவார்கள்." மறப்பதற்கு முன்னால் மதுஷா பெரியவளாகி, அவளைப் பெண் கேட்டு வருகிறவன் காதில் யாராவது ஓதுவார்கள்: டீசல் திருடன் மகள். நீ பல்பு மாட்டிக்கொண்டு இரு.

திருடன் என்று மூடிய கதவுக்குள் வைத்துச் சொல்லவில்லை. கரையில், வெயிலில், எல்லார் முன்னாலும் சொன்னார்கள். அதே கரை. அதே ஆட்கள். அங்கே சொல். எனக்குக் கடிதத்தில் சொல்வது சொன்னதாகாது.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டவில்லை. மறைப்பதற்காக இல்லை. பிழை என்று தெரிந்த பிறகும் நீ மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்று என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சொல்லிவிட்டு எழுது. சொல்லாமல் எழுதாதே.

விஜயலெட்சுமி


திருகோணமலை,
27 ஓகஸ்ட் 2024

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்து பல நாள் சட்டைப்பையிலேயே கிடந்தது. உன்மேல் அவ்வளவு கோபம். படகுக்காரர்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு நாள் றிகாஸ் என்னிடம், "உங்கட மச்சான் இப்பிடிச் செஞ்சிட்டாரே" என்று அனுதாபமாகச் சொன்னான். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். நடந்து போகும்போதுதான், நான் தலையை ஆட்டினேன் என்பதே எனக்குத் தெரிந்தது. எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது.

மறுநாள் காலை, படகுகள் புறப்படுவதற்கு முன்னால், எல்லாரும் கரையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். தண்ணீரில் மட்டமாக நின்ற படகில் ஏறி, பெட்டியில் பழைய அளவுகளையே திரும்பப் போட்டேன். சும்மா வாயால் சொன்னால், குடும்பத்துக்காகப் பொய் சொல்கிறான் என்பார்கள் அக்கா. அதனால் டீசல் கேனை எடுத்து மஹ்ரூப் நானா கையில் கொடுத்தேன். "நீங்களே ஊத்துங்க நானா, நான் தொட மாட்டேன்" என்றேன். அவர் முறைத்துப் பார்த்தார். ஆனாலும் ஊற்றினார். ஊற்றி முடித்துவிட்டுத் தன் போனைப் பார்த்தார். திரும்பக் கேனைப் பார்த்தார். அடுத்த கேனையும் அவர் கையாலேயே ஊற்றச் சொன்னேன். போனில் அதுவும் குறைவாகத்தான் காட்டியது.

"நானா, இப்ப திருடன் யாரு? கேன் உங்க கையிலதான் இருக்கு" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கரையில் சரிவில் வைத்து அளவு எடுத்தது, பிழை என்று தெரிந்ததும் களவாக மாற்றியது, மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தது, எல்லாம். மஹ்ரூப் நானா கேனை மணலில் எறிந்தார். "அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால உன்னட்டத்தானேடா கேட்டன், பிழையா எண்டு!" அவர் கத்தியது அடுத்த கரைக்குக் கேட்டிருக்கும். நான் நின்று வாங்கிக்கொண்டேன்.

றிகாஸ் தன் போனில் எல்லாவற்றையும் எடுத்தான். மச்சானுக்கு அனுப்பச் சொன்னேன். பார்த்திருப்பீர்கள்.

மூன்று படகு வேலையும் போய்விட்டது. இப்போது ஒரு கராஜில் லொறிகளுக்கு வயரிங் செய்கிறேன். சந்தோஷமா? நீ கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது சோறு இறங்குகிறது.

மச்சான் என்ன சொன்னார்? எழுது.

புவன்


பூனாகலை,
9 செப்டெம்பர் 2024

தம்பி,

பார்த்தோம். நாங்கள் மட்டுமா பார்த்தோம்! மதுஷா போனைத் தூக்கிக்கொண்டு லயத்தின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் கதவு கதவாகப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் நானே போனை நீட்டினேன். "நல்ல செய்திதானே லெட்சுமி" என்றான். "நல்ல செய்தி இருக்கட்டும், அன்னைக்குச் சிரிச்சீங்களே, அது என்ன செய்தி?" என்று கேட்டேன். பெயர்ப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான். லொறிக்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டது. அது போனது போனதுதான்.

மஹ்ரூப் முதலாளி போன் எடுத்து இவரிடம் மன்னிப்புக் கேட்டார். திரும்ப வரச்சொன்னார். "யோசிச்சுச் சொல்றேன் மொதலாளி" என்றார் இவர். பிறகு, "அந்தக் குச்சி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறதாம். போவார் என்றுதான் நினைக்கிறேன். எஞ்சின் இல்லாமல் இந்த மனுஷனால் இருக்க முடியாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். மச்சான் என்ன சொன்னார் என்று கேட்டாய்.

வீடியோவை ஒரே ஒரு தடவை பார்த்தார். நீ கேனை முதலாளி கையில் கொடுத்த இடத்தில் லேசாகச் சிரித்தார். முடிந்ததும் போனை என்னிடம் தந்தார். "புவன் எல்லாத்தையும் சொல்லிருச்சே, வேலையும் போயிருச்சாமே, அதுமேல இன்னமும் கோவமா?" என்று கேட்டேன். அப்போது சொன்னார்:

"மிஷின் பிழைன்னு தெரிஞ்ச பெறகு நான் திருடலன்னு யாரும் சொல்லலாம் விஜி. மஹ்ரூப் மொதலாளியே சொல்றாரு. அதுக்குச் சொந்த மச்சினன் எதுக்கு? மிஷின் சரின்னு புவன் நெனச்சிக்கிட்டு இருந்துச்சே, அன்னைக்குச் சொல்லியிருக்கணும்."

றிகாஸ் பேசிய அன்றைக்கு, அந்த ஒரு நிமிஷம் நானும் அப்படித்தான் நின்றேன். அதை அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நீ எந்த வேலையை இழந்தாய், யாரிடம் ஏச்சு வாங்கினாய் என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருக்கிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆனால் சரிவில் அளவு வைத்ததற்காக உன்னை யாரும் இந்த வீட்டில் கோபிக்கவில்லை புவன். அது தெரியாமல் செய்தது. "என் மச்சான் எடுத்திருக்க மாட்டார்." இவ்வளவுதான் நீ சொல்லியிருக்க வேண்டியது. பெட்டி என்ன காட்டினால் என்ன?

தீபாவளிக்கு வா. கராஜில் லீவு தர மாட்டார்கள் என்று கதை எழுதாதே, வா. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதைப் போனில் சொல்லக்கூடாது. பண்டாரவளையில் இறங்கி பூனாகலை பஸ் ஏறி, ஏற்றத்தில் நடந்து வந்து, வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல். இப்போது சொல்லி என்ன பிரயோசனம், ஊருக்கே தெரிந்ததுதானே என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். சொல்.

சொன்ன பிறகுதான் உனக்குச் சோறு.

அக்கா